பாதையில் போனவரும் போகாதவரும்

வாசகர் கடிதம்:

"நான் திருகோணமலையில் படிப்பிக்கிறேன். 1996 முதல் எட்டு வருடம் கிண்ணியாவில் ஒரு பாடசாலைக்குத் தினமும் பாதையில், அதாவது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையில், போய் வந்தவள். அந்தத் துறையையும், பாதையில் வேலை செய்த ஒரு குடும்பத்தையும் வைத்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். ஆறு வருட உழைப்பு, 312 பக்கம். கணவர் வாசித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்றார். என்னோடு படிப்பிக்கும் ஒருவர் இரண்டு மாதம் வைத்திருந்து 'அருமை டீச்சர்' என்று திருப்பித் தந்தார். மூன்று எழுத்துப்பிழைகளுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தார். மூத்த எழுத்தாளர் ஒருவர் அணிந்துரை தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் பிரதியை வாசித்தாரா என்று தெரியவில்லை. தை மாதம் வெளியிடலாம் என்று அச்சகத்தில் விலையும் கேட்டுவிட்டேன். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியவர்களை இங்கே எங்கே தேடுவது? கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமா? காசு கொடுத்து ஒரு செம்மையாக்குநரிடம் கொடுப்பதா? கொடுத்தால் கதை களவு போகாதா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள டீச்சர்,

முதலில் தை மாதத்தை விடுங்கள். அச்சகத்தில் இன்னும் முற்பணம் கட்டவில்லை என்று நினைக்கிறேன், கட்ட வேண்டாம். ஆறு வருடம் எழுதிய நாவலுக்கு இன்னும் ஆறேழு மாதம் கொடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. அச்சான பிறகு வரும் நல்ல கருத்து எதுவும் உங்களுக்கு உதவாது, நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர்களில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச நாம் வைத்திருக்கும் இடம் வெளியீட்டு விழா. வாழ்த்துரை, ஆசியுரை, நயவுரை, ஆய்வுரை, கடைசியில் ஏற்புரை. முதற்பிரதி வாங்குபவருக்குப் பொன்னாடை. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எழுதியவரை ஊர் கூடி மதிக்கிற நாள் அது. ஆனால் அந்த மேடையில் ஒருவர் எழும்பி "நடுவில் நூறு பக்கம் தொய்கிறது" என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு வீட்டு விறாந்தையில். அந்த விறாந்தையைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

நான் இருபத்தைந்து வருடமாகப் பிறருடைய பிரதிகளைச் செம்மையாக்கி வருபவன். என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு நாவல் என்னிடம் வந்தது, நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரை வாழ்க்கை. அதில் மார்கழி மாதத்தில் கரைவலை இழுக்கும் காட்சி ஓர் அத்தியாயம் முழுக்க நீளும். அம்பாப் பாட்டு, வடம் உரசிச் சிவந்த தோள், வலைக்குள் துள்ளும் கீரி மீன் என்று அழகாக எழுதியிருந்தார். நான் அந்த அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை திருத்தினேன். இரண்டு நீண்ட வாக்கியங்களை உடைத்தேன். "நன்றாக வந்திருக்கிறது" என்று ஓரத்தில் எழுதியும் விட்டேன். புத்தகம் வந்தது. வெளியீடு முடிந்து பிளேன்ரீயோடு நிற்கையில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு வயதானவர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, வாடைக் கடலில எவன் வலை வளைக்கிறவன்? மார்கழியில வள்ளத்தையே மேல இழுத்துப் போட்டிருப்பம்."

கிழக்குக் கரையில் கரைவலை, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்துத் தொழில். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்றுப் பிறந்தால் கடல் கொந்தளிக்கும், வலைகள் வாடிக்குள் கிடக்கும். கடலோரத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். அந்த அத்தியாயத்தின் மேல்தான் நாவலின் முடிவே நின்றது. 500 பிரதி அச்சாகிவிட்டது. எழுதியவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து, ஒரு பிரதி என் மேசைக்கு வருமுன் யார் யார் வாசித்தார்கள் என்று கேட்காமல் நான் பேனையைத் தொடுவதில்லை.

இனி உங்கள் கணவர் சொன்ன "நல்லா இருக்கு". அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் பிரதியை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் வேறு பதில் கிடையாது, கறி எப்படி என்று கேட்டாலும் அதே பதில்தான். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதில் அது, உங்களுக்கானது. பிரதிக்கான பதில் வேண்டுமென்றால் கேள்வியை மாற்ற வேண்டும். தீர்ப்புக் கேட்காதீர்கள். வாசித்தபோது அவருக்குள் என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு எழும்பினீர்கள்? திரும்ப எடுக்க எத்தனை நாள் போனது? எந்தப் பக்கங்களைத் தட்டிக்கொண்டு போனீர்கள்? யார் பெயர் மறந்து முன்னுக்குத் திருப்பிப் பார்த்தீர்கள்? இவை நடந்த விஷயங்கள். இதில் யாரும் மரியாதைக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று இதைவிட நல்லது. "கதையை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். நடுவில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவர் எதில் தொடங்குகிறார், யாரை விட்டுவிடுகிறார், எதை மாற்றிச் சொல்கிறார் என்பதில் உங்கள் நாவல் வாசகர் மனதில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நீங்கள் மூத்த மகனின் கதை என்று நினைத்து எழுதியதை அவர் தாயின் கதையாகச் சொன்னால், அவர் பிழையாக வாசித்தார் என்று அவசரப்பட வேண்டாம். தாய் உங்களை அறியாமலே நாவலைத் தன் கைக்கு எடுத்திருக்கலாம். எனக்குத் தெரிந்து இரண்டு நாவல்கள் அப்படித்தான் தங்கள் உண்மையான மையத்தைக் கண்டுபிடித்தன.

வாசிப்பவர் கையில் ஒரு பென்சிலும் கொடுங்கள். மூன்று அடையாளம் போதும்: அலுத்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, விளங்காத இடத்தில் கேள்விக்குறி, மனதில் பட்ட இடத்தில் ஒரு சரி. விளக்கம் எழுதச் சொல்லாதீர்கள். விளக்கம் எழுதச் சொன்னால் நம்மவர்கள் உடனே பரீட்சை வினாத்தாள் திருத்துபவர்களாக மாறிவிடுவார்கள். உங்கள் சக ஆசிரியர் மூன்று எழுத்துப்பிழைக்கு வட்டம் போட்டது அதனால்தான், அவருக்குப் பழகிய வாசிப்பு அது.

என் மேசையில் இப்போது ஒரு பிரதி கிடக்கிறது. இப்படி மூன்று பேர் வாசித்துத் தந்தது, மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். 84ஆம் பக்கத்தின் அடியில் ஒருவர் கோடு போட்டிருக்கிறார். 85இல் மற்றவர் கோட்டை இரண்டு தரம் அழுத்திப் போட்டிருக்கிறார். மூன்றாமவர் அதே பக்கத்தில் சொன்னதையும் மீறி, "தேத்தண்ணி குடிக்கப் போனேன்" என்று எழுதியிருக்கிறார், தாளில் கோப்பை வைத்த வட்டமும் இருக்கிறது. எழுதியவரும் நானும் அந்த இடத்தைப் பார்த்தோம். கலியாண வீட்டுக்கு வந்த பதினாறு சொந்தக்காரர்கள் ஒன்றரைப் பக்கத்துக்குள் பெயர், ஊர், உறவுமுறையோடு வரிசையாக அறிமுகமாகிறார்கள். அந்தப் பதினாறு பேரில் நால்வர்தான் பிறகு கதைக்குள் வருகிறார்கள். பன்னிரண்டு பெயர் போனது, அத்தியாயம் மூச்சு விட்டது. அந்த மூவரில் யாரும் இலக்கியம் படித்தவர் இல்லை. ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார்.

யாரிடம் கொடுப்பது என்று கேட்டீர்கள். உங்கள் நாவலுக்கு அதற்கான பதில் கதைக்குள்ளேயே இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அப்போது முதலாம் வகுப்புக்கும் போகாத பிள்ளைகள் இன்று உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பாதை என்றால் என்ன என்றே தெரியாது. ஆகவே உங்களுக்கு முதலில் இரண்டு வாசகர்கள் வேண்டும்: பாதையில் போனவர் ஒருவர், போகாதவர் ஒருவர்.

போனவர் உங்களைப் போலத் தினமும் துறையடியில் காத்து நின்றவராக இருக்கட்டும். உத்தியோகத்தர், மீன் வியாபாரி, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய், யாராக இருந்தாலும் சரி. நாவலே வாசிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வாசித்துக் காட்டலாம். அவர் தவறான தகவலில் தடுக்கி விழுவார். எந்த மாதம் நீரோட்டம் இழுக்கும், கடைசிப் பாதையைத் தவறவிட்டால் அந்த ஆட்கள் இரவு எங்கே தங்கினார்கள், சோதனைச் சாவடியில் எந்தப் பக்கம் வரிசை நின்றது, இதெல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது. போகாதவர் ஓர் இளம் பிள்ளை. உங்களிடம் படித்து முடித்த ஒருவரைக் கேட்கலாம், ஆனால் இப்போது படிக்கிற பிள்ளையை வேண்டாம், அது உங்களுக்குப் பயந்து பதில் சொல்லும். நீங்கள் பாதையை எவ்வளவு தூரம் கண்முன் கொண்டு வந்திருக்கிறீர்கள், எவ்வளவு தூரம் உங்கள் நினைவை நம்பி விட்டுவிட்டீர்கள் என்பதை அந்தப் பிள்ளையால்தான் காட்ட முடியும். முதலாமவர் உங்கள் குறையை அவருடைய ஞாபகத்தால் நிரப்பிக்கொண்டு போய்விடுவார், அவருக்கே தெரியாது.

இந்த இருவர் வாசித்த பிறகு திருத்துங்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த மூவர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஒருவர் உங்கள் நாவலை முதல் முறையாக ஒரு தரம்தான் வாசிக்க முடியும். ஐந்து பேரையும் முதல் வரைவிலேயே செலவழித்துவிட்டால், திருத்திய பிரதியைப் புதுக்கண்ணால் பார்க்க ஆள் இருக்காது.

அந்த மூவரில் ஒருவர் கட்டாயம் கிண்ணியாவைச் சேர்ந்தவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் கதையின் குடும்பம் முஸ்லிம் குடும்பம். எட்டு வருடம் அந்த ஊருக்குப் போய் வந்தீர்கள், அந்த ஆட்களில் உங்களுக்கு அன்பு இருக்கிறது, முதல் அத்தியாயத்திலேயே அது தெரிகிறது. ஆனாலும் நீங்கள் பார்த்தது பாடசாலையையும் துறையையும். நோன்பு மாதத்து விடியற்காலை அடுப்படியை நீங்கள் வெளியில் நின்று கேட்டிருப்பீர்கள், உள்ளே இருந்தவர் அதை வேறு மாதிரி அறிவார். ஒரு சின்ன உதாரணம். ஒன்பதாம் பக்கத்தில் வாப்பா தன் பெண்பிள்ளையை "மகளே" என்று கூப்பிடுகிறார். கிண்ணியாவிலும் சரி, திருகோணமலையிலும் சரி, "மகள், இஞ்ச வாங்க" என்றுதானே நம் காதில் விழுகிறது? "மகளே" மேடையிலும் புத்தகத்திலும் வரும். உங்கள் காதுக்கு இது தெரியும், எழுதும்போது கை வேறு எங்கோ போய்விட்டது. அந்த ஊர்ப் பெண் ஒருவர் உரக்க வாசித்தால் இப்படிப்பட்ட இடமெல்லாம் தானாகக் கழன்று விழும். அவர் ஏதாவது மனம் நொந்து சொன்னால் அதை மற்ற எல்லாக் கருத்துக்கும் மேலாக வைத்துக் கேளுங்கள். நிஜக் குடும்பம் ஒன்றின் சாயல் கதையில் இருக்கிறதென்றால் அதுவும் அவருக்குத்தான் முதலில் பிடிபடும்.

இன்னொருவர், நிறைய நாவல் வாசிக்கிற, எதுவும் எழுதாத ஆள். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், வெளியில் தெரிவதில்லை. பொது நூலகத்தில் புத்தகம் கொடுக்கிற மேசையில் இருப்பவரைக் கேளுங்கள், கிழமைக்கு இரண்டு நாவல் எடுத்துக்கொண்டு போவது யார் என்று அவருக்குத் தெரியும். அவர் மூலமாகவே கேட்டுப் பாருங்கள். நான் அறிந்தவரை, கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. வாழ்நாள் முழுக்க வாசித்தவரை யாரும் இதுவரை கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஆள் உங்களைப் போலவே இப்போது ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர். நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலோ, மூதூர், தம்பலகாமம் பக்கத்திலோ விசாரித்தால் அகப்படுவார். அவர் பிரதியை நீங்கள் வாசியுங்கள், உங்களுடையதை அவர் வாசிக்கட்டும். இருவருக்கும் காயம் படும் என்பதால் இருவரும் பார்த்துச் சொல்வீர்கள், சொல்லாமலும் விடமாட்டீர்கள். பிறருடைய நாவலில் பிழை தேடும்போது உங்கள் நாவலின் பிழை உங்களுக்கே தெரியத் தொடங்கும், அது தனி இலாபம். பேர் பெற்ற எழுத்தாளர்களிடம் மட்டும் கொஞ்சம் நிதானமாக இருங்கள். நல்ல எழுத்தாளர் பலர், தாங்கள் எழுதியிருக்கக்கூடிய நாவலை உங்கள் பிரதிக்குள் தேடுவார்கள். கெட்ட எண்ணம் இல்லை, தொழில் பழக்கம்.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர்கள் ஆசையாகக் கேட்பார்கள். தாராளமாக அனுப்புங்கள், தகவலுக்கு. எண்பதுகளில் வெளிக்கிட்டவர்களுக்குத் துறையடிக் கடையின் பெயர்ப்பலகை நிறம்கூட ஞாபகம் இருக்கும். ஆனால் கதை ஓடுகிறதா, தொய்கிறதா என்று அவர்களிடம் கேட்க வேண்டாம். ஊரின் பெயரைப் பார்த்தாலே அவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

கொழும்பு, சென்னை விஷயம். நம் ஊரில் நாவல் தெரிந்தவர் இல்லை என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் மெல்லத் தெரிகிறது. தமிழில் நாவல் என்ற ஒன்று நடக்கப் பழகிய காலத்திலேயே இந்த ஊர் அதில் இருந்தது. 1891இல் வந்த ஊசோன் பாலந்தை கதையை எழுதிய இன்னாசித்தம்பி திருகோணமலைக்காரர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊரவர்தான். ஆகவே ஊரை நம்புங்கள். ஆனால் கடைசிச் சுற்றில் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் இருப்பது நல்லது, ஒரே ஒரு காரணத்துக்காக. "பாதையில் ஏறினாள்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாதை என்றால் நடக்கிற வழி. அவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். அதற்காகச் சொல்லை மாற்றிவிடாதீர்கள், அடிக்குறிப்பும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். "பாதை கரையை விட்டு விலகியது, சைக்கிள்கள் ஒன்றோடொன்று சாய்ந்தன" என்று முதல் வாக்கியத்தில் வந்துவிட்டால் எந்த ஊர்க்காரருக்கும் விளங்கிவிடும்.

கொடுக்கும் விதம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள் என்று உங்கள் கோப்பைத் திறந்ததும் தெரிந்தது. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், உங்களுக்குச் சொல்ல வெட்கப்பட்டு வாசித்ததாகச் சொல்லிவிடுவார்கள். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணோட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். முடிந்தால் அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டே கொடுங்கள். எழுத்து 12 அளவு, வரிகளுக்கு இடையில் ஒன்றரை இடைவெளி, ஓரத்தில் பென்சிலுக்கு இடம், பக்க எண். பக்க எண் இல்லாத பிரதியில் யாரும் எதையும் உங்களுக்குக் காட்ட முடியாது. முழுப் பிரதியையும் ஒரே தரத்தில் தூக்கிக் கொடுக்க வேண்டாம். முதல் 50 பக்கத்தைக் கொடுத்து இரண்டு கிழமை தவணை சொல்லுங்கள், பள்ளிக்கூட விடுமுறை பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மிச்சத்தை அவர் தானாகக் கேட்டு வந்தால் அதுவே பெரிய பதில். கேட்டு வராவிட்டால் துரத்தாதீர்கள், எந்தப் பக்கத்தில் நின்றார் என்று மட்டும் அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கருத்துச் சொல்லப் பஞ்சிப்படுகிறவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லுங்கள். இரவு சமையல் முடித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு ஒரு பெண் மெல்லிய குரலில் அனுப்பிய ஏழு நிமிடப் பதிவு, நான் படித்த பல ஆய்வுரைகளைவிட ஒரு நாவலுக்கு அதிகம் உதவியதைக் கண்டிருக்கிறேன்.

கருத்து வரும்போதுதான் கஷ்டம். அவர் "இந்தப் பொடியன் ஏன் திடீரென்று வீட்டை விட்டுப் போறான்?" என்று கேட்பார். உங்களுக்கு வாயில் பதில் ரெடியாக இருக்கும். சொல்லாதீர்கள். நீங்கள் வாயால் சொல்லுகிற பதில் புத்தகத்துக்குள் இல்லை, நாளைக்கு முல்லைத்தீவில் வாசிக்கிறவர் வீட்டுக்கு நீங்கள் போய் விளக்க முடியாது. "ஓம்" என்று கேட்டுக்கொண்டு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அழுகை வந்தால் அழுங்கள், யாருக்கும் பதில் அனுப்ப வேண்டாம். ஒரு கிழமை பிரதியைத் தொட வேண்டாம். பிறகு உட்கார்ந்து ஐந்து பேருடைய அடையாளங்களையும் ஒரே பிரதியில் ஐந்து நிறத்தில் ஏற்றுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை உங்கள் மனம் ஏற்றால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். மூவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது. பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று அவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் வலி உண்மை, ஆனால் எந்த மருந்து என்று அவர் சொல்ல முடியாது. "முதல் அத்தியாயம் நீளம், வெட்டுங்கோ" என்பார்கள். நீளம் காரணமாக இருக்காது, யாருக்காகப் பதற வேண்டும் என்று தெரியாமல் அவர்கள் பதினொரு பக்கம் நின்றிருப்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் காசு. செம்மையாக்குநர் என்ற ஒரே பெயரில் மூன்று வேலை இருக்கிறது. கதையின் கட்டமைப்பை முழுதாக வாசித்து எது எங்கே நிற்க வேண்டும் என்று எழுதித் தருவது ஒன்று. வாக்கியம் வாக்கியமாக மொழியைச் சீராக்குவது இன்னொன்று. அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புப் பார்ப்பது மற்றொன்று. எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று முதலே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஐந்து பக்கம் மாதிரிக்குச் செய்து தரச் சொல்லுங்கள், நேர்மையானவர் மறுக்க மாட்டார். அந்த ஐந்து பக்கத்தில் உங்கள் ஆட்கள் பேசும் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றியிருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மெய்ப்பு கடைசி வேலை, பக்கம் அமைத்த பிறகு. வெட்டி எறியப்போகிற அத்தியாயத்துக்கு ஒற்றுப்பிழை திருத்தக் காசு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

களவு பற்றிப் பயம் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு எதுவும் தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். ஒவ்வொரு வரைவையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், திகதியோடு கிடக்கும். "பாதைக்காரக் குடும்பம் பற்றி ஒரு நாவல்" என்ற எண்ணத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடையாது, உண்மை. ஆனால் உங்கள் எட்டு வருடத்தை யார் களவெடுப்பது?

அணிந்துரை தருகிற பெரியவரிடம் போய், அணிந்துரையைப் பிறகு பார்ப்போம் ஐயா, இந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசித்து எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ என்று கேளுங்கள். உங்களை மிகவும் தொந்தரவு செய்கிற அத்தியாயத்தையே கொடுங்கள். அணிந்துரை எழுத உட்கார்ந்தால் அவர் புகழ வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால் அவருடைய அறுபது வருட வாசிப்பு உங்களுக்குக் கிடைக்கும்.

உங்கள் முதல் அத்தியாயத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். நானும் அதே பென்சிலோடுதான். முதல் நாலு பக்கத்தில் கோணேசர் கோயில், வெள்ளைக்காரன் கால துறைமுகம், கன்னியா ஏழு கிணறு எல்லாம் வருகிறது. மூன்று கோடு போட்டிருக்கிறேன். ஊரின் பெருமையை முதலில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற கடமை உணர்வு அது, எனக்கும் புரிகிறது, ஆனால் கதை ஐந்தாம் பக்கத்தில் பாதை வந்து மோதுகிற சத்தத்தோடுதான் தொடங்குகிறது. அங்கே முதல் சரி. எட்டாம் பக்கத்தில், மழையில் நனைந்த பலகையில் வாப்பா ஒரு கைப்பிடி மணலை எறிந்துவிட்டு, யாரும் வழுக்கி விழவில்லை என்று கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்து நிற்கிறாரே, அங்கே இரண்டு சரி. அந்த ஒரு பந்திக்காக இந்த நாவலை முழுதாக வாசிக்க நான் தயாராக இருக்கிறேன், முதல் ஐவர் வாசித்து நீங்கள் திருத்திய பிறகு.

ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் தயிர்ச்சட்டிகளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஏறுகிறாள். யாரோடும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருகிறாள். பாதை கரையில் முட்டுகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், நீங்கள் ஒவ்வொருவராகச் சொல்கிறீர்கள். அவள் இறங்கியதை மட்டும் எழுதவில்லை. பதினாலாம் பக்கம் முடியும்வரை நான் அவளைத் தேடினேன். அவள் எங்கே போனாள், டீச்சர்?